நாலாம் நம்பர் பிரஸ்

ஓசூர்,
18.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ரஞ்சிதா எழுதுகிறேன். நீயும் ஜெயமணி மதினியும் நல்ல சுகத்தோடு இருக்கிறீர்களா? உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நான் நலம். அவர் ஒரகடத்து வேலையில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வந்து போகிறார்.

இந்த மாதம் ஐந்து முறை போன் செய்தேன். ஐந்து முறையும் மதினிதான் எடுத்தார். ஒருமுறை நீ குளித்துக்கொண்டிருந்தாய், ஒருமுறை கடைக்குப் போயிருந்தாய், மூன்று முறை தூங்கிக்கொண்டிருந்தாய். என் மேல் ஏதும் கோபமா என்று கேட்டேன். "கோவமெல்லாம் ஒண்ணுமில்ல ரஞ்சிதா, கடுதாசி போடச் சொல்றாக" என்றார். அதனால் போடுகிறேன்.

எழுத விஷயமும் இருக்கிறது. நம் கம்பெனியின் முன்பக்க ஷெட்டைத் திறந்துவிட்டார்கள். கம்பெனியை அல்ல, அது ஆறு வருடத்துக்கு முன் மூடியது மூடியதுதான். பின்பக்கம் அடுக்குமாடி வரப்போகிறதாம். அதுவரைக்கும், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் இருந்த இடத்தைச் சில பிள்ளைகள் வாடகைக்கு எடுத்துப் பாட்டுக் கச்சேரி நடத்துகிறார்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாலை நாலு மணி. நடத்துகிறவள் காவியா, பாகலூர் பெண், வயது இருபத்தாறு. வார நாட்களில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? வேலை முடிந்து சூளகிரி பஸ்ஸிலிருந்து இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். ஒருவர் "பாட்டு ஷெட், பாட்டு ஷெட்" என்று கத்திக்கொண்டு வந்தார். பார்த்தால் நம் சின்னராஜ். ஆர்கெஸ்ட்ராவில் கன்னடப் பாட்டெல்லாம் பாடுவாரே, அசெம்பிளி லைன் சின்னராஜ்.

"வாங்க டைம் ஆபீஸ் மேடம், லேட் மார்க் போட்டுறாதீங்க" என்றார்.

"அதென்னங்க பாட்டு ஷெட்?"

"லைனை விட்டு ஆட்டோ எடுத்த புதுசுல கம்பெனி கேட்டுன்னு கத்துவேன். மூடினப்புறம் மூடின கம்பெனின்னு கத்தினேன். ஒருத்தனும் ஏறல மேடம், வாயிலேயே மூடுன்னு வருதாம். இப்ப பாட்டு ஷெட்னு சொன்னா பெங்களூர்ல இருந்து வர்றவன்கூட ஏறுறான்."

அவரிடம் 1999 ஆயுத பூஜைக் கச்சேரி கேசட் இருந்திருக்கிறது. காவியாவுக்குக் கொடுத்திருக்கிறார். அந்த முதல் மூன்று நிமிடம் உனக்கு ஞாபகம் இருக்கும். மெஷின்களை எல்லாம் நிறுத்தி மாலை போட்டிருப்பார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தார் உள்ளே வரலாம். பாட்டுத் தொடங்குவதற்கு முன் நீ மட்டும் ரிதம் பேடில் நாலாம் நம்பர் பிரஸ் ஓடுகிற சத்தத்தை வாசிப்பாய். நின்ற மெஷின் ஓடுகிறதே என்று ஷாப்பே சிரிக்கும். காவியா அதைப் பன்னிரண்டு முறை கேட்டாளாம். "இத வாசிச்சது யாருக்கா?" என்றாள். என் அண்ணன் வெள்ளைச்சாமி என்றேன். அக்டோபர் 11 ஆயுத பூஜை. அன்று நீ வந்து வாசிக்க வேண்டும் என்று கேட்கிறாள். நானும் கேட்கிறேன்.

மதினிக்கு என் அன்பு.

உன் தங்கை,
ரஞ்சிதா


சாத்தூர்,
2.3.2024

அன்புத் தங்கச்சி ரஞ்சிதாவுக்கு,

அண்ணன் வெள்ளைச்சாமி. நாங்க சௌக்கியம். முழங்கால் வெயிலுக்குப் பரவாயில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு.

கோவமெல்லாம் இல்லை தாயி. போன்ல பேசினா பாதி விட்டுப்போகுது. எழுதினா நாலு தடவை படிக்கலாம். டைம் ஆபீஸ்ல இருந்தப்பவே உன் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்.

பஞ்சர் கடை ஓடுது. டூவீலர்தான் நிறைய.

சின்னராஜ் இன்னும் பாடுறானா, இல்ல ஆட்டோவோட சரியா? மேடை எங்க போட்டிருக்காங்க? கேட்டைப் பார்த்தா, இல்ல டூல் ரூம் பக்கமா? அதை எழுது.

வர்றதைப் பத்திப் பிறகு பார்ப்போம்.

அண்ணன்,
வெள்ளைச்சாமி


ஓசூர்,
24.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் பார்த்து நிம்மதி. மதினியும் நீயும் வெயிலில் அலையாமல் இருங்கள். நான் நலம். அவருக்கு அங்கே வேலை அதிகம், இந்த மாதம் வரவில்லை.

மேடை டூல் ரூம் பக்கம், கேட்டைப் பார்த்து. மூன்றாம் நம்பர், நாலாம் நம்பர் பிரஸ் நின்ற அஸ்திவாரத்துக்கு மேலேயே மேடை. பிரஸ்ஸை வெட்டி எடுத்துப் போனவர்கள் போல்ட்டுகளைத் தரை மட்டத்துக்கு அறுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் மேல் ஒரு பழைய கம்பளம். பக்கத்தில் நட்டு போல்ட்டு விற்ற கடையில் இப்போது கிட்டார் கம்பியும் மைக் ஒயரும் தொங்குகின்றன. எதிரே மெஸ் வைத்திருந்த முனிலட்சுமி ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி போண்டா போடுகிறாள். "ஷிஃப்ட் விட்ட மாதிரி கூட்டம் வருது மேடம், சங்குதான் ஊதல" என்றாள்.

பிள்ளைகள் பாடுவது நம் ஆர்கெஸ்ட்ராப் பாட்டு மாதிரி இல்லை. அவர்களே கட்டிக்கொள்கிறார்கள். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டவன் பாட்டு, கான்ட்ராக்ட் முடிகிற தேதி பாட்டு. தமிழில் தொடங்கி, கன்னடத்தில் திட்டி, தெலுங்கில் சமாதானமாகிறது. நம் பஸ்ஸில் பேசுகிற மாதிரியே இருக்கிறது. நாற்காலிகளில் எனக்குத் தெரிந்த முகங்கள் எட்டோ பத்தோ. மற்றவர்கள் அந்தக் கேசட் பதிவானபோது பிறந்துகூட இருக்க மாட்டார்கள்.

நான் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போய்விடுகிறது.

காவியா அந்தக் கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். இத்துடன் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். டிவியில் சொருகினால் பாடும். கேட்டுவிட்டு, வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுது.

ரஞ்சிதா


சாத்தூர்,
9.4.2024

அன்புத் தங்கச்சி ரஞ்சிதாவுக்கு,

இங்க எல்லாரும் சுகம். அங்க நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும்.

பென்டிரைவ் வந்துச்சு. டிவில போட்டுக் கேட்டேன். கண்ணு கலங்கிப்போச்சு. சின்னராஜ் குரல் அப்படியே இருக்கு. நான் வாசிச்சது கொஞ்சம் வேகமாத் தெரியுது, அப்ப வயசு அப்படி. உங்க மதினியும் கேட்டா.

ஆனா வர முடியாது ரஞ்சிதா. கடையைப் பூட்டிட்டு வந்தா வாடிக்கை போயிரும். இருபத்தஞ்சு வருசம் ஆச்சு, கையும் மறந்துபோச்சு. வேற நல்ல ஆளாப் பாக்கச் சொல்லு அந்தப் பொண்ணுகிட்ட.

வெள்ளைச்சாமி


ஓசூர்,
21.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் இருவரும் சுகம் என்று தெரிந்து மகிழ்ச்சி. எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரும் நலம் என்றுதான் நினைக்கிறேன்.

நீ வர முடியாது என்பதைக் காவியாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆபீசில் கேன்டீன் மெனுவும் பஸ் ரூட்டும் இருந்த பென்டிரைவைக் காணாமல் இரண்டு வாரம் தேடினேன். எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்துவிட்டது.

போன ஞாயிறு கச்சேரியை எழுதுகிறேன். கௌதம் என்று ஒரு பையன் டிரம்ஸ். பெரிய டிரம்மை அவன் மிதிக்கும்போது முன்வரிசையில் தண்ணீர் பாட்டில்களில் வட்டம் வட்டமாக அலை எழுகிறது. ஸ்பீக்கருக்கு மேலே உத்திரத்தில் உட்கார்ந்திருந்த புறாக்கள் முதல் அடிக்குப் பறந்தன, இரண்டாம் அடிக்குத் திரும்பி வந்தன, பிறகு அசையவில்லை. காவியா மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கழுத்து நரம்பு புடைக்கிறது, கட்டைவிரலில் எழும்பி நிற்கிறாள். கீழே வரும்போது குதிகால் தரையில் படுகிறது. குதிகால் பட்டதும் கூட்டம் தலையை ஆட்டுகிறது. கூரைத் தகடு கடைசி வரை நடுங்கிக்கொண்டே இருந்தது. நம் பிரஸ் ஓடினால் தேநீர் டம்ளர் மேசையில் நகர்ந்து போகுமே, அந்த அளவுக்கு இல்லை. அதில் பாதி.

வேறென்ன எழுத. மதினியைக் கேட்டதாகச் சொல்.

ரஞ்சிதா


சாத்தூர்,
12.5.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். மழை ஒண்ணு பெஞ்சது.

போன கடுதாசியை நாலு நாளாச் சட்டைப் பையில வச்சிருந்தேன். புறா விஷயம் நல்லா இருந்துச்சு. இதே மாதிரி எழுது. அடுத்த மாசம் என்ன பாடினாங்க, யாரு எப்படி நின்னாங்க, எல்லாம்.

மாப்பிள்ளை வந்தாரா? ரெண்டு கடுதாசியா நீ சரியாச் சொல்லல.

வெள்ளைச்சாமி


ஓசூர்,
30.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்பைப் பற்றி நலமா என்று கேட்டே எல்லாக் கடிதத்தையும் தொடங்கினேன். இந்த முறை கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

உனக்கு வந்த பென்டிரைவில் பாட்டு எதுவும் இல்லை. இரண்டும் ஒரே கறுப்பு, அவசரத்தில் மாற்றி அனுப்பிவிட்டேன். உன்னிடம் இருப்பது ஆறு மாதக் கேன்டீன் மெனு. கேசட் ஏற்றியது என் டிபன் பையின் அடியில் கிடந்தது. நீ கேட்டேன் என்று எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். திங்கள் தக்காளி சாதம், செவ்வாய் புளிசாதம் என்று பார்த்தா உனக்குக் கண் கலங்கியது என்று உன்னைக் கேலி செய்ய உட்கார்ந்தேன். பாதியில் பேனா நின்றுவிட்டது. நீ ஏன் அதைச் சொருகிக்கூடப் பார்க்கவில்லை என்று யோசித்தேன். போன் எடுக்காதது, போன வருடம் கல்யாண வீட்டில் நான் எதைக் கேட்டாலும் சிரித்துத் தலையாட்டியது, மதினி உன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பேசியது. எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

சுத்தமாகவே கேட்காதா அண்ணா?

நான் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரஸ் ஷாப் ஆட்களுக்கு மாதாமாதம் இயர் பிளக் கொடுத்து ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்க வேண்டியது என் வேலை. நீ வாங்கிக்கொள்ளவே மாட்டாய். "காதை அடைச்சா பிரஸ்ல டை அச்சு விரிசல் விடுற சத்தம் உன் பதிவேட்டுலயா கேட்கும்?" என்பாய். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் உன் பெயருக்கு எதிரே இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று உன் கையெழுத்தை நானே போட்டேன். ஒரு மாதமோ இரண்டு மாதமோ இல்லை. கம்பெனி மூடுகிற வரைக்கும். உன் 'வெ' எழுத்தின் சுழியை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். வேறு யாராவது அந்த மேசையில் இருந்திருந்தால் உன்னைக் கூப்பிட்டு எச்சரித்திருப்பார்கள், கையில் திணித்திருப்பார்கள். தங்கை இருந்ததால் தப்பித்தாய் என்று அப்போது நினைத்தோம்.

காவியாவிடம் எதுவும் சொல்லவில்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம். ஆனால் என்னிடம் கேட்கிற மாதிரி இனி நடிக்காதே.

ரஞ்சிதா


ஓசூர்,
18.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஏழு வாரம் ஆகிறது. தபால்காரர் இந்தத் தெருவுக்குள் வருவதே எனக்காகத்தான் போலிருக்கிறது. இப்போது அவரும் வருவதில்லை. அந்தக் கடிதத்தை எழுதியிருக்கக் கூடாதோ என்று தினமும் பஸ்ஸில் போகும்போது தோன்றுகிறது.

ஆகஸ்ட் கச்சேரிக்குப் போனேன். அதை எழுத மனம் வரவில்லை. நீ நலமா என்பதை மட்டும் மதினியாவது எழுதட்டும்.

ரஞ்சிதா


சாத்தூர்,
1.9.2024

ரஞ்சிதாவுக்கு மதினி ஜெயமணி எழுதிக்கொண்டது. எனக்கு எழுத்துப் பிழை வரும், பொறுத்துக்கோ.

உங்க அண்ணன் உயிரோட திடமா இருக்காக. உன் கடுதாசி வந்த அன்னைக்குக் கடை திறக்கல. என்கிட்டயும் கோவம், நான்தான் உனக்குச் சொல்லிட்டேன்னு நினைச்சு. நான் சொல்லலைன்னு பிள்ளையார் மேல சத்தியம் பண்ணேன். வலது காது மூணு வருசமா இல்ல. இடது காதும் போன தீபாவளியோட போச்சு. மெஷின் மாட்டிப் பாத்தாச்சு, இரைச்சலா இருக்குன்னு கழட்டிப் போட்டாக. தங்கச்சிக்கு மட்டும் தெரியக் கூடாது, அந்த ரிஜிஸ்டரை நினைச்சு அவ சாப்பிட மாட்டான்னு சொன்னாக. கையெழுத்து விசயம் அவுகளுக்கு அப்பவே தெரியும்மா.

பத்து நாளா டயர் மேல தட்டிக்கிட்டே இருக்காக. பஞ்சர் பாக்க வந்தவுக சிரிக்கிறாக. நான் சிரிக்கல. நீ சாப்பிடு.

ஜெயமணி


சாத்தூர்,
15.9.2024

தங்கச்சி ரஞ்சிதாவுக்கு,

உடம்பு நல்லா இருக்கு. காது இல்ல. இனி அதை எழுதிட்டே ஆரம்பிக்கலாம்.

ரிஜிஸ்டரை இன்னைக்கோட விட்டுரு. இயர் பிளக்கைக் கையில திணிச்சிருந்தா சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிருப்பேன். என் 'வெ' உன் 'வெ' அளவுக்கு அழகா வராது, அதான் ஆடிட்ல மாட்டாமப் போச்சு.

கேன்டீன் மெனு பார்த்தேன். டிவில சொருகினதும் வரிசையா எழுத்து வந்துச்சு, நானும் உங்க மதினியும் உக்காந்து வாசிச்சோம். வெள்ளிக்கிழமை வெறும் தயிர் சாதமா? யூனியன் இல்லையா உங்க கம்பெனில?

ஒரு விஷயம் சொல்றேன். டியூப்ல காத்து போற சத்தம் எனக்குக் கேட்காது. தண்ணில அமுக்குவேன், குமிழி வரும். அது போதும் வேலைக்கு. நாலாம் நம்பரும் காதால பழகினது இல்ல. ரெண்டு கையாலயும் பட்டன் அமுக்குறோம், மேலயிருந்து அடிக்கிற ராம் கீழ வருது, காலுக்கு அடில தரை சொல்லுது இறங்கிருச்சுன்னு. அப்புறம் பீஸை எடுக்கணும், அந்த எடுக்கிற நேரம்தான் தாளத்துல இடைவெளி. மேடை அந்த அஸ்திவாரத்து மேலன்னு எழுதினியே, அன்னையில இருந்து அதைத்தான் யோசிக்கிறேன்.

பத்தாம் தேதி பகல் பஸ்ஸுல வர்றேன். உங்க மதினி வரல, கடையைப் பாத்துக்குவா. மூணு கண்டிஷன். கம்பளத்தை எடுத்துரணும், செருப்பில்லாம நிப்பேன். மைக்ல என் காதைப் பத்தி யாரும் பேசக் கூடாது. மூணாவது, நீ எனக்கு எதிர்க்க முதல் வரிசையில உக்காரணும். மூணு நிமிசம் ஆனதும் கையைத் தூக்கு, லைன் நிறுத்த சூப்பர்வைசர் தூக்குவாரே அதே மாதிரி. நீ தூக்கினா நிறுத்துறேன். மத்தவங்க யாரையும் பாக்க மாட்டேன்.

நான் முடிச்சப்புறம் என்ன கேட்டுச்சுன்னு எனக்கு ஊருக்கு எழுதணும். அங்கேயே சைகையில சொல்லாதே.

வெள்ளைச்சாமி


ஓசூர்,
20.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாக வீடு சேர்ந்தாய் என்று மதினி போனில் சொன்னார். வெறுங்காலில் நின்றதற்கு முழங்கால் என்ன சொல்கிறது? இங்கே இரண்டு நாளாக மழை, குளிர் வந்துவிட்டது. நான் சாப்பிடுகிறேன் என்று மதினியிடம் சொல்.

நீ எழுதச் சொன்னதை எழுதுகிறேன்.

நீ பேடுக்கு முன்னால் வந்து நின்றபோது ஷெட்டில் நானூறு பேர். சின்னராஜ் ஆட்டோவுக்கு மாலை போட்டு கேட்டுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். நீ முதல் அடி அடித்ததும் நம் ஆட்கள் இருந்த மூலையிலிருந்து சிரிப்பு வந்தது, அதே பழைய சிரிப்பு. முனிலட்சுமி, "ஐயோ, ஓடுதுடி" என்று கத்தினாள். பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அந்த பிரஸ்ஸே தெரியாதே. பிறகு நீ பீஸ் எடுக்கிற இடைவெளியில் யாரோ ஒருத்தி காலைத் தரையில் ஒரு மிதி மிதித்தாள். அடுத்த இடைவெளியில் பத்துப் பேர். அதற்கடுத்ததில் ஷெட் முழுக்க. அப்போதுதான் நீ குனிந்து தரையைப் பார்த்தாய். உன் முகத்தை நான் எழுதப் போவதில்லை, அது எனக்கு.

மூன்று நிமிடம் ஆனது. கௌதம் என்னைப் பார்த்தான். காவியா மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கௌதம் உன் அடியோடு சேர்ந்துகொண்டான். சின்னராஜ் எழுந்து வந்து கன்னடத்தில் என்னவோ பாடினார், காவியா தெலுங்கில் பதில் சொன்னாள். ஒத்திகையில் இல்லாதது அவ்வளவும். ஒரு பாட்டு உன்னைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது; நீ என் கையை மட்டும் பார்த்துக்கொண்டு வாசித்தாய். என் கைகள் மடியில் இருந்தன.

எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று பஸ் ஸ்டாண்டில் காகிதத்தில் எழுதிக் கேட்டாய். நான் ஐந்து நிமிடம் என்று எழுதினேன். பொய். கௌதம் போனில் பார்த்தான், பதினொரு நிமிடம்.

கடைசியில் நான் கையைத் தூக்கி, நீ முடித்த பிறகு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கூரைத் தகடு நடுங்கி அடங்குகிற சத்தம் மட்டும். புறாக்கள் சிறகடித்தன. அப்புறம் கைதட்டல், அது உனக்கே தரையில் தெரிந்திருக்கும். கைதட்டல் ஓய்ந்த பிறகு வெளியே ரோட்டில் வேறொரு ஆட்டோக்காரர், சின்னராஜ் இல்லை, "பாட்டு ஷெட், பாட்டு ஷெட்" என்று கூவிக்கொண்டு போனார். கடைசியாகக் கேட்டது அதுதான்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. நீ என் வீட்டில் தங்கிய இரண்டு நாளும் வாசலில் ஆண் செருப்பு இல்லாததைப் பார்த்தாய், கொடியில் ஒரு சட்டைகூட இல்லாததைப் பார்த்தாய். எதுவும் கேட்கவில்லை. அவர் பொங்கலுக்குப் பிறகு வரவே இல்லை. இனி வருவதாக இல்லை என்று ஆடி மாதம் போனில் சொன்னார். சண்டை ஒன்றும் போடவில்லை. நானும் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு உனக்கு எழுத உட்கார்ந்தேன். உன் பதிலுக்காகக் காத்திருந்த சமயம் அது, எழுதவில்லை.

கையை ஏன் நேரத்துக்குத் தூக்கவில்லை என்று நீ கோபித்துக்கொள்வாய். பாட்டுக்காக இல்லை அண்ணா. தூக்கினால் நீ நிறுத்திவிடுவாய், நிறுத்தினால் மறுநாள் பஸ் ஏறிவிடுவாய்.

உன் தங்கை,
ரஞ்சிதா